எலும்பு எத்தனை, சதை எத்தனை?

கோவில்பட்டி வட்டாரத்தில் கரிசல் மண்ணுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. தக்காணத்து எரிமலை கக்கிய குழம்பு ஆறி, உதிர்ந்து, இந்த மண்ணாயிற்று என்பது அந்தக் கதை. பாதி பள்ளிப் பாடத்தில் கேட்டது, மீதி தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த எரிமலை பொங்கிய காலமும் டைனோசர்கள் அழிந்த காலமும் ஒன்றுதான் என்பதும் இப்போது எல்லாருக்கும் தெரியும். ஆகவே விளாத்திகுளத்தை ஒட்டிய குளத்தூரில், பருத்தியும் மிளகாயும் கம்பும் விளைகிற நிலத்தை ஆழமாகத் தோண்டினால் டைனோசர் எலும்பு கிடைக்குமா என்று ஒரு மாணவன் கேட்டால், அவனைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அவனுக்குக் காட்டப்பட்ட படங்களிலிருந்து அந்தக் கேள்வி நேராகத்தான் வந்திருக்கிறது.

கிடைக்காது என்பதுதான் பதில். தக்காண எரிமலைப் பெருக்கு ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. மகாராஷ்டிரத்திலும் அதைச் சுற்றிய மாநிலங்களிலும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அந்தப் பாறை இன்றும் விரிந்து கிடக்கிறது. தெற்கே அது வட கர்நாடகத்தோடு நின்றுவிட்டது, தமிழ்நாட்டை எட்டவில்லை. குளத்தூருக்கும் எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் அடியில் இருப்பது வேறு பாறை. பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பட்டைப் பாறை, 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. முதல் டைனோசர் தோன்றியதே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கழுகுமலையில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் வெட்டுவான் கோயிலைக் குடைந்தெடுத்த மலையும் இந்தப் பழம்பாறைக் கூட்டத்தைச் சேர்ந்ததே. உளி பட்ட இடத்திலெல்லாம் அதில் கின்னரரும் பூதகணமும் பிறந்தார்கள். எலும்பு மட்டும் அதில் இருக்க வழியே இல்லை.

கரிசல் இந்தப் பாறையிலிருந்து வந்தது. மழை குறைவு, பெய்த நீரும் ஓடி வடியாத சமவெளி, பாறை சிதையும்போது வெளிப்பட்ட சுண்ணாம்பும் மக்னீசியமும் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கின. அப்படிப்பட்ட இடத்தில் ஸ்மெக்டைட் வகைக் களிமண் உருவாகிறது. ஈரத்தில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிப்பது அதன் குணம். கறுப்பு நிறம் களியோடு பிணைந்த மக்கிய பொருளால் வந்தது. நிறத்தைப் பார்த்து எரிமலை என்று முடிவு கட்டுவது எளிது, ஆனால் தவறு. கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கருங்கண்ணிப் பருத்தி ரகங்களை வளர்த்தெடுத்த இடம் அது. இந்த மண்ணைப் பற்றிய அறிவு நமக்கு அருகிலேயே நூறாண்டுக்கு மேலாக இருந்தும் எரிமலைக் கதைதான் ஊருக்குள் புழங்குகிறது. மண்ணின் ரசாயனத்துக்குப் படம் கிடையாது, எரிமலைக்கு உண்டு என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த மாவட்டத்துக்கு எழுத்துக்கு முந்தைய காலம் இல்லாமல் இல்லை. தூத்துக்குடிப் பகுதியின் செம்மணல் தேரிகளில் சிறு கற்கருவிகள் கிடைக்கின்றன. ஃபிரடெரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் அவற்றைப் பற்றி எழுதிய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அது ஆயிரம் ஆயிரமாக எண்ணும் காலம். டைனோசரின் காலத்தைக் கோடியில் எண்ண வேண்டும். ‘ஆதி காலம்’ என்ற ஒரே பெட்டிக்குள் இரண்டையும் அடைத்துவிடுவது படங்களின் பழக்கம். வேதாளர் காமிக்ஸ் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு ஈடன் தீவு நினைவிருக்கும். அங்கே சிங்கமும் மானும் மட்டுமில்லை, ஒரு ஸ்டெகோசாரஸும் உலவும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் சிவகாசி. நாட்காட்டி, நோட்டு அட்டை, பட்டாசு உறை, பள்ளிச் சுவர்ப்படம் என்று அச்சாகும் படங்களில் பெரும் பங்கு அங்கிருந்து போகிறது. 1972இல் முத்து காமிக்ஸ் புறப்பட்டதும் அங்கிருந்துதான். டைனோசர் சுவர்ப்படம் எந்த ஊரில் அச்சானாலும் அதன் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் வாய் பிளந்த டைரனோசாரஸ், ஒரு மூலையில் முதுகுத் தட்டுகளோடு ஸ்டெகோசாரஸ், வானத்தில் தோல் சிறகு விரித்த ஒரு பறக்கும் ஊர்வன, பின்னால் புகை கக்கும் எரிமலை. சில படங்களில் கம்பளி யானையும் நிற்கும். ஸ்டெகோசாரஸ் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. டைரனோசாரஸ் 7 கோடிக்கும் குறைவு. பறப்பது டைனோசரே இல்லை. கம்பளி யானையோ நேற்றுக் காலை வந்தது. அந்த எரிமலையையும் இந்தப் படக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1940இல் வால்ட் டிஸ்னியின் ‘ஃபேண்டசியா’ படமே எரிமலைகளுக்கு நடுவில்தான் டைனோசர்களை நடமாட விட்டது. இரைந்து வெடிக்கும் அந்தப் பின்னணி அதற்குப் பிறகு அகலவில்லை.

எலும்பின் மேல் சதை பூசும் கலைக்கு வயது 170 ஆண்டுக்கு மேல். 1854இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாகின்ஸ் முழு உருவச் சிலைகளை நிறுத்தினார். அவருடைய இகுவானோடான் காண்டாமிருகம்போல் நான்கு காலில் நிற்கும், மூக்கின் மேல் ஒரு கொம்பு. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் இகுவானோடான்களின் எலும்புக்கூடுகள் கூட்டமாகக் கிடைத்தபோதுதான் அந்தக் கொம்பு உண்மையில் கட்டைவிரலின் முள் என்று தெரிந்தது. சிலைகள் இன்னும் அதே பூங்காவில், கொம்போடு நிற்கின்றன. ஹாகின்ஸைக் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்த எலும்புக்கு அவர் நேர்மையாகவே நடந்துகொண்டார்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜுராசிக் பார்க்’ (1993) பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அறிவியல் ஆலோசகரை வைத்துக்கொண்டு, தெரிந்தே மாற்றிய இடங்கள் அதில் உண்டு. இரண்டு மணி நேரப் படத்தில் டைனோசர்கள் தோன்றுவது கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரம் உலகத்தின் கண்ணையே மாற்றிவிட்டது. இந்தியாவில் 1994இல் இந்தி பேசி ஓடியது. தொடர்ந்து வந்தவற்றில் 2015இன் ‘ஜுராசிக் வேர்ல்ட்’ போன்றவை தமிழும் பேசின. முதல் படத்தில் நச்சு உமிழும் டிலோஃபோசாரஸ் நினைவிருக்கிறதா? நச்சை மைக்கேல் கிரைட்டன் மூல நாவலில் கற்பனையாகச் சேர்த்தார். கழுத்தைச் சுற்றி விரியும் சவ்வைப் படக்குழு சேர்த்தது. இரண்டுக்கும் எலும்பில் ஆதாரம் இல்லை. உண்மை விலங்கு 6 மீட்டருக்கு மேல் நீளம். படத்தில் வருவது அதன் குட்டிபோல் இருக்கிறது. வெலாசிராப்டர் மங்கோலியாவின் விலங்கு, வான்கோழி அளவு. படத்தில் ஆள் உயரம். அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்திய முடிச்சுகள் இருப்பதை 2007இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எட்டு ஆண்டு கழித்து வந்த படத்திலும் அது இறகில்லாத பல்லியாகவே ஓடியது. அறிவியல் போய்ச் சேராததால் வந்த பிழை என்று இதைச் சொல்ல முடியாது. பார்த்துப் பழகிய உருவத்தை மாற்றினால் சீட்டு விற்காது என்ற கணக்கு என்றே படுகிறது.

எந்த டைனோசர் படத்தைக் கண்டாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இதற்கு எலும்பு எவ்வளவு? அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 1990இல் கிடைத்து, இப்போது சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘சூ’ என்ற டைரனோசாரஸுக்கு, மொத்த எலும்பில் கன அளவில் சுமார் 90 சதவீதம் கிடைத்திருக்கிறது. அதை வரைகிறவர் தோலின் நிறத்தையும் கொழுப்பின் மடிப்பையும் ஊகித்தால் போதும். இன்னொரு கோடியில் நிற்பவை நம் தமிழ்நாட்டு டைனோசர்கள். அவற்றின் கதை அரியலூரில் நடக்கிறது.

டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி பெரும்பாலும் கடல். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சேகரித்தனுப்பிய சிப்பிகளையும் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளையும் லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் பாறை அடுக்குகளை வரிசைப்படுத்தினார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்ஸ்கா அந்தக் கடல் உயிர்களைத் தொகுதி தொகுதியாக எழுதி முடித்தார். உலகத்தின் கிரெட்டேசியஸ் கடல்களைப் பற்றிப் பேசுகிற எவரும் தாண்டிப் போக முடியாத இடம் அரியலூர். காரையின் வறண்ட பள்ளங்களில் அம்மோனைட் இன்றும் கால் படும் இடத்தில் கிடக்கிறது. கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக் கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காக இறுகியிருக்கின்றன. சிமென்ட் ஆலைகள் அரைப்பது அந்தச் சுண்ணாம்புக் கல்லைத்தான். பொழுதுபோக்குப் பூங்காக்களில் பல் இளித்து நிற்கும் சிமென்ட் டைனோசர்களுக்குள், உண்மையான கிரெட்டேசியஸ் சிப்பி அரைபட்டுக் கிடக்கக்கூடும். உருவம் முழுக்கக் கற்பனை, உடம்பு மட்டும் அசல்!

இந்தக் கடலின் ஓரத்தில், கடல் பின்வாங்கிய கடைசிக் கட்டத்தில் ஆறுகள் கொண்டுவந்து போட்ட மண்ணில்தான் டைனோசர் எலும்பு பெரும்பாலும் வருகிறது. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு அதற்குப் பெயர்பெற்ற இடம். சார்லஸ் மேட்லி 1929இல் இந்தப் பகுதியின் டைனோசர் எச்சங்களைப் பற்றி எழுதினார். பிறகு அரை நூற்றாண்டு பெரிய செய்தி இல்லை. 1979இல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி இருவரும் ‘டிராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி’ என்ற புதிய டைனோசரை அறிவித்தார்கள். ஸ்டெகோசாரஸின் உறவு, சுமார் 3 மீட்டர் நீளம், முதுகில் தட்டுகள். மண்டையோட்டின் ஒரு பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புகள், சில தட்டுகள், ஒரு முள் ஆகியவை ஆதாரம் என்றார்கள்.

இது சாதாரண அறிவிப்பு இல்லை. ஸ்டெகோசாரஸ் குடும்பம் கிரெட்டேசியஸின் முற்பகுதியோடு மறைந்துவிட்டது என்றே உலகம் நம்பியிருந்தது. டிராவிடோசாரஸ் கிடைத்த கடற்பாறையோ ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டு வயதுடையது. மற்ற இடங்களில் அழிந்தவை, தனித்தீவாக மிதந்துகொண்டிருந்த இந்திய நிலத்தில் மட்டும் பிழைத்திருந்தன என்ற அழகான விளக்கம் பிறந்தது. உலகின் டைனோசர் கலைக்களஞ்சியங்களும் சிறுவர் நூல்களும் அதை உடனே எடுத்துக்கொண்டன. ஸ்டெகோசாரஸைச் சிறிதாக்கி வரைந்தால் போதும், ஓவியருக்கு வேலை மிச்சம். கடைசி ஸ்டெகோசார், அதுவும் தமிழ் மண்ணில், யாருக்குத்தான் பிடிக்காது?

1996இல் சங்கர் சாட்டர்ஜியும் டி.கே. ருத்ராவும் வேறு மாதிரி சொன்னார்கள். கண்டெடுத்த இடத்துக்குப் போய்ப் பார்த்ததில், அவை மழையிலும் வெயிலிலும் தேய்ந்த பிளெசியோசார் எலும்புகளாகவே தங்களுக்குப் படுகின்றன என்றார்கள். பிளெசியோசார் துடுப்புக் கால் கொண்ட கடல் ஊர்வன, டைனோசரே இல்லை. கடற்பாறையில் கடல் விலங்கின் எலும்பு கிடைப்பதில் வியப்பும் இல்லை. அய்யாசாமி உள்ளிட்டோர் இதை முழுமையாக ஏற்கவில்லை; வழக்கு இன்னும் முடியவில்லை. நிலத்தில் நான்கு காலில் நடந்ததா, கடலில் துடுப்புப் போட்டதா என்பதே தீராத ஒரு விலங்குக்கு நிறமும் முதுகுத் தட்டும் நடையும் கொடுத்த படங்கள் இணையமெங்கும் உள்ளன. படத்தின் அடியில் ‘சந்தேகத்துக்குரியது’ என்று ஒரு சொல் போட்டவர்கள் குறைவு.

அடுத்தது இன்னும் பெரிய கதை. அதே யாதகிரியும் அய்யாசாமியும் 1987ஆம் ஆண்டுக் கணக்கில் வெளியிட்ட கட்டுரையில் கல்லமேட்டிலிருந்து ‘புருஹத்காயோசாரஸ் மேட்லியி’ என்ற பெயரை அறிவித்தார்கள். கிடைத்தவை இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு துண்டு, முழங்கால் கீழெலும்பு, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு. கீழெலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாகக் கருதப்படும் அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பே சுமார் 1.55 மீட்டர்தான். முதலில் இதை இறைச்சி தின்னும் இனமாக வகைப்படுத்தினார்கள். பின்னர் அது நீள்கழுத்துத் தாவரவுண்ணி என்று கருத்து மாறியது. கட்டுரையோடு வந்த படங்கள் தெளிவாக இல்லாததால், கல்லாய்ப் போன மரத்துண்டோ என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. அந்த ஐயத்துக்கும் இடம் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கும் நாடு இது.

எலும்பை எடுத்து அளந்து பார்த்துவிடலாமே என்றால், எலும்பு இல்லை. கல்லமேட்டின் களிமண் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் நொறுங்குவது. அதில் பொதிந்த எலும்பும் பொலபொலவென்று உதிர்ந்தது. களத்திலிருந்து எடுத்துச் சேர்ப்பதற்குள்ளேயே சிதையத் தொடங்கிவிட்டது என்று பின்னாளில் பதிவாயிற்று. இந்த இடத்தில் கரிசல்காரர்கள் தலையை ஆட்டிக்கொள்ளலாம். வெடிக்கும் மண் எதை விட்டுவைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022இல் சௌரப் பால் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அய்யாசாமி பழைய ஒளிப்படங்கள் சிலவற்றை வெளியிட்டார். அவை நீள்கழுத்து டைனோசர் என்ற முடிவுக்கு வலுச் சேர்த்தன. அதன் அடிப்படையில் 2023இல் கிரெகரி பாலும் ஆசியர் லராமெண்டியும் இதன் எடை 110 டன்னுக்கு மேல், ஒருவேளை 170 டன் வரைகூட இருந்திருக்கலாம் என்று கணித்தார்கள்.

அவ்வளவுதான், கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. நீலத் திமிங்கிலத்தையே மிஞ்சிய விலங்கு, உலகிலேயே பெரியது, அதுவும் நம் அரியலூரில். யூடியூப் காணொளிகளில் அது பனைமரங்களுக்கு மேலே தலையை நீட்டி நடக்கிறது. பக்கத்தில் அளவுக்கு ஒரு மனிதன், ஒரு பேருந்து. அந்தக் கணிப்பு அறிவியலுக்குப் புறம்பானது என்று நான் சொல்லவில்லை. ஒரு கீழெலும்பின் நீளத்திலிருந்து எடையை ஊகிக்க முறைகள் உண்டு. அதற்கான பிழை வரம்பை ஆய்வாளர்களே தருகிறார்கள். 110க்கும் 170க்கும் நடுவில் 60 டன் இடைவெளி கிடக்கிறது. பத்து யானையின் எடை அது. காணொளிக்கு வரும்போது இடைவெளி காணாமல் போகிறது, பெரிய எண் மட்டும் மிஞ்சுகிறது. கையில் ஓர் எலும்புகூட இல்லை என்ற செய்தி வந்தாலும் முடிவில் ஒரு வரியாக வருகிறது.

கல்லமேட்டில் உறுதியாகக் கிடைத்தவற்றை யாரும் வரைவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 2001இல் ‘குர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ்’ என்ற ஆமையை விவரித்தார்கள். ஊர்ப் பெயரையே தாங்கிய ஆமை. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டுக்குள் ஒளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. மண்டையோடு உட்பட நல்ல எச்சங்கள் உண்டு, சர்ச்சை இல்லை. 2013இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்ட குழு அதே கல்லமேட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு பல்லை அறிவித்தது. பறவைகளுக்கு நெருங்கிய உறவான டுரூடான்டிட் வகை டைனோசரின் பல். வடக்குக் கண்டங்களில் மட்டும் வாழ்ந்ததாக எண்ணப்பட்ட கூட்டம் தெற்கே இந்தியாவிலும் இருந்ததா என்ற பெரிய கேள்வியை அந்தச் சிறு பல் எழுப்பியது. நேச்சர் குழுமத்தின் இதழில் வெளியான கண்டுபிடிப்பு. ஆனால் பல்லை வைத்துக்கொண்டு காணொளி எடுக்க முடியாது அல்லவா! ஆமைக்கு ஹாலிவுட்டில் கிடைத்த இடமும் வேடிக்கையானது: ‘ஜுராசிக் பார்க்’கில் ராப்டர்கள் ஒன்றையொன்று அழைக்கும் குரலுக்கு ஒலிவடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் பயன்படுத்தியது ஆமைகள் இணைசேரும்போது எழுப்பும் ஒலியை.

இனி முட்டை. 2009இல் அரியலூரின் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக வந்த செய்தி நாடெங்கும் பரவியது. பாறை கிரெட்டேசியஸ் காலத்தது. செய்தியிலோ ‘ஜுராசிக்’ ஒட்டிக்கொண்டது. சினிமாவின் வேலை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, அவையும் முட்டை என்றே வாட்ஸ்அப்பில் சுற்றின. ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு திரண்ட உருண்டைகள் என்றார்கள். கடலடியில் ஒரு செத்த ஓட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு போன்ற கனிமங்கள் படலம் படலமாகப் படிந்து பந்தாகின்றன. முட்டையா, கல்லா என்று பிரிப்பது கண்ணளவில் முடிகிற காரியம் இல்லை. உண்மையான முட்டை என்றால் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைக்கும்போது ஓட்டின் படிகத் தூண்களும் காற்றுத் துளைகளும் தெரியும். கரிசல் நிலத்திலும் சுண்ணாம்பு திரண்டு உருண்டு சுக்கான் கல்லாகிறது. நாளைக்குக் குளத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டும்போது அது நல்ல உருண்டையாக வந்து, யாராவது கைப்பேசியில் படம் பிடித்துவிட்டால், ‘முட்டை’ கிடைத்த ஊர்ப் பட்டியலில் நாமும் சேர்ந்துவிடுவோம். அதற்குத்தான் மேலே பாறையின் வயதைச் சொல்லிவைத்தேன்.

இதற்கு நேர்மாறாக ஒரு செய்தி 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்திலிருந்து வந்தது. பட்லியா கிராமத்தார் சிலர் நிலத்தையும் மாட்டையும் காக்கும் குலதெய்வமாக ‘காகர் பைரவர்’ என்று வழிபட்டுவந்த உருண்டைகள் டைனோசர் முட்டைகள் என்று சொல்லப்பட்டது. அந்த நர்மதைப் பள்ளத்தாக்கு முட்டைக்குப் பேர்போனது. 92 கூடுகளில் 256 முட்டைகளைப் பதிவு செய்த ஆய்வு அதே ஆண்டு ஜனவரியில் வெளியாகியிருந்தது. அங்கே முட்டை கல்லாக நின்று பூசை வாங்கியது. இங்கே கல் முட்டையாகி வாட்ஸ்அப் ஏறியது. முதலாவதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. தெய்வமாக இருந்தவரை யாரும் உடைக்கவில்லையே.

காட்சி ஊடகம் எல்லாமே இப்படித்தான் என்று சொன்னால் அநியாயம். பிபிசி இயற்கை வரலாற்றுப் பிரிவு தயாரித்து, டேவிட் ஆட்டன்பரோ குரல் கொடுத்த ‘ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்’ தொடரின் 2023ஆம் ஆண்டுப் பகுதியில் தக்காண எரிமலை நிலம் வருகிறது. நம் நாட்டு ஐசிசாரஸ் கூட்டம் அங்கே முட்டையிடப் போகிறது. மகாராஷ்டிரத்தின் டோங்கர்காவ் பகுதியில் கிடைத்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெயரைச் சுமக்கும் விலங்கு இது. உடம்பின் எலும்புகள் கணிசமாகக் கிடைத்தன, தலை கிடைக்கவில்லை. திரையில் அதற்கு இருக்கும் முகம் உறவினரிடமிருந்து கடன் வாங்கியது. நல்ல ஊகம்தான், விலங்கு விலங்காக நடந்துகொள்கிறது, காரணமில்லாமல் உறுமுவதில்லை. இருந்தாலும் கடன் எது, சொந்தம் எது என்று காட்சியில் தெரிவதில்லை. பொய்ப்படத்தைக் காட்டிலும் இப்படிப்பட்ட நல்ல படத்தின் முன்னால்தான் பார்க்கிறவர் அதிகம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பேன். மோசமான பொம்மையை யாரும் நம்புவதில்லை.

தீர்வு எட்டாத தூரத்தில் இல்லை. ஆய்வு இதழ்களில் ஒரு வழக்கம் நெடுநாளாக இருக்கிறது: உடலின் கோட்டுருவத்தைக் கறுப்பில் வரைந்து, கிடைத்த எலும்புகளை மட்டும் வெள்ளையில் காட்டுவார்கள். ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிடும். சூவின் உருவத்தில் வெள்ளை நிறைந்திருக்கும். புருஹத்காயோசாரஸில் அங்கங்கே நாலைந்து திட்டு. டிராவிடோசாரஸுக்கு உருவத்தையே புள்ளிக் கோட்டில்தான் போட வேண்டும். சுவர்ப்படத்தின் ஒவ்வொரு விலங்கின் காலடியிலும் விரல்நகமளவு இப்படியொரு உருவத்தைச் சேர்க்க அச்சுச் செலவு கூடாது. கூடவே கல்லமேட்டு ஆமைக்கு ஒரு கட்டம் கொடுக்கலாம். சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் தொடங்கினால் போதும்.

குளத்தூர், விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பொழுதுபோக்குப் பூங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருமுறை அரியலூரையும் நினைத்துப் பாருங்கள். கோவில்பட்டியிலிருந்து சென்னை போகும் ரயில் பாதையில்தான் அந்த ஊர் இருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உண்டு. சாத்தனூர் கல்மரம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். காரையின் பள்ளங்கள் திறந்த வெளி. உறுமும் பொம்மை எதுவும் இருக்காது. சுருண்ட அம்மோனைட்டும் சுறாப் பல்லும் சிப்பி அடுக்கும்தான் இருக்கும். போகும் வழியில் கரிசல் எப்படி வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் புதைபடிவங்களைக் காக்கத் தனிச் சட்டம் கிடையாது. 2022இல் வெளியான வரைவு மசோதா இன்னும் சட்டமாகவில்லை. ஆகவே காரையில் இறங்கும் பிள்ளைகள் கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல், படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.